காப்பி கொண்டுவரப் போன தனம்

உலகத்தில் எத்தனையோ பேர் கதை எழுதியிருக்கிறார்கள். ஆனால் வேறொருவர் எழுதிய கதையில் காணாமல் போன வேலைக்காரியைத் தேடிக் கண்டுபிடித்து, அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்து, கப்பலேற்றி, கிள்ளானில் கடையும் வைத்துக் கொடுத்தவர் எங்கள் கார்பன் அக்கா ஒருவர்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் முதலில் ஆறு தாளுக்கு நடுவில் ஐந்து கார்பன் வைத்து ஒரு பக்கம் டைப் அடித்துவிட்டு வரட்டும்.

எழுபதுகளின் பின்பாதி. மலேசியத் தலைநகரில், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. மளிகைச் சாமான் மொத்த வியாபாரம். கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்களில் ஆறு கடைகள் எங்களிடம் சரக்கு எடுத்தன. அந்த ஆறு கடைகளுக்கும் திங்கட்கிழமை தோறும் தமிழில் விலைப்பட்டியல் போக வேண்டும். அதை டைப் அடிப்பது அக்காவின் வேலை. ஒரே பட்டியலை ஆறு முறை அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? மெல்லிய தாள் ஆறு, நடுவில் ஐந்து கார்பன், எல்லாவற்றையும் மெஷினுக்குள் திணித்து ஒரே அடியாக அடித்துவிடுவார்.

அடி என்றால் உண்மையிலேயே அடி. ஆறாவது தாள்வரை எழுத்து இறங்க வேண்டுமே. அக்கா ஆரம்பித்துவிட்டால் கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் காரை உதிருமோ என்று இடது கையால் ரசத்தை மூடிக்கொள்வார்கள். அவருடைய விரல் நுனிகள் எப்போதும் நீலமாக இருக்கும். மூக்கைச் சொறிந்தால் மூக்கு நீலம். பொட்டைச் சரிசெய்தால் நெற்றி நீலம். காப்பிக் கோப்பைகளில் அவருடைய கைரேகை அச்சடித்தாற்போல் இருக்கும். உண்மையான பெயர் சம்பளப் புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆபீஸில் மொத்தம் ஐந்து பேர். முதலாளி, பெரிய கிராணி, லோரி ஓட்டும் கிள்ளான் மணியம், சின்னக் கிராணியாகிய நான், அப்புறம் அக்கா. கிராணி என்றால் கிளார்க். பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வுபெற்று எங்களிடம் வந்தவர், தும்மினால்கூட முறைப்படி தும்முகிறவர். காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் எல்லோருக்கும் காப்பி போடுவது அக்காதான். யாரும் உட்கார்ந்து பேசி அப்படி முடிவு செய்யவில்லை. இருந்த ஒரே பெண் அவர், அதனால் அப்படி நடந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் மதராஸ் வாரப் பத்திரிகைகள் கப்பலில் வரும். ஒரு மாதம் பின்தங்கித்தான் வரும். எங்கள் ஆபீஸில் ஒரு பிரதி வாங்கிப் பதவி வரிசைப்படி படிப்போம். முதலாளி, பெரிய கிராணி, அக்கா, நான், மணியம். மணியம் கைக்குப் போகும்போது அதில் மிளகாய்த்தூள் ஏறியிருக்கும். அவர் கண்ணீர் விட்டுத்தான் படிப்பார். காரணம் கதையா தூளா என்று எங்களால் சொல்ல முடிந்ததில்லை.

அதில் ஒரு தொடர்கதை. பெரிய வீடு, சொத்துத் தகராறு, இரண்டு அண்ணன் தம்பிகள், எந்நேரமும் ஜன்னல் பக்கம் நின்று அழும் கதாநாயகி. இரண்டாவது வாரத்தில் அந்த வீட்டுக்கு வக்கீல் வருகிறார். எஜமானி கண்ணைக் காட்டுகிறாள். தனம் என்ற வேலைக்காரி, “காபி கொண்டு வரேம்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். அவ்வளவுதான். மூன்றாவது வாரம் வக்கீல் போய்விட்டார். ஒன்பதாவது வாரம் கதாநாயகனுக்கு நினைவு தப்பியது. பதினாலாவது வாரம் திரும்பி வந்தது. எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி.

அன்றைக்கு நாலு மணிக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அக்கா கேட்டார்.

“ஆமா, அந்தத் தனம் எங்க போனா?”

“எந்தத் தனம்?” என்றேன்.

“கோப்பி கொண்டாரேன்னு உள்ள போனாளே, அவதான். பன்னெண்டு வாரம் ஆச்சு. கோப்பியும் வரல, அவளும் வரல. வந்த மனுசன் தொண்டை காஞ்சு எழுந்து போயிட்டாரு. அந்த வீட்டுல அத்தன பேரு இருக்காங்க, ஒருத்தராச்சும் ‘தனம் எங்க’ன்னு கேட்டாங்களா?”

நான் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே சிரித்துவிட்டேன். வாயிலிருந்த காப்பி அக்காவின் விலைப்பட்டியல் மேல் தெறித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் அனுபவித்த தண்டனையைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கா அந்த எழுத்தாளருக்கு, பத்திரிகை முகவரிக்கு, மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் ஒரே கேள்வி. பதில் வரவில்லை. பாவம், அவருக்கு எத்தனை கடிதமோ. நாலாவது கடிதம் எழுதத் தாளைச் செருகியவர் கடிதம் எழுதவில்லை. வேலை நேரம் முடிந்தபின் உட்கார்ந்து, தனம் எங்கே போனாள் என்று தானே எழுத ஆரம்பித்துவிட்டார்.

முதல் அத்தியாயத்தில் என்ன நடந்தது என்றால், சமையலறையில் பால் இல்லை. இதுதான் கதை. ஒன்பது பக்கம். பால் வாங்கத் தனம் தூக்குப்பாத்திரத்தோடு தெருவுக்கு வருகிறாள். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவள் என்பது அப்போதுதான் நமக்குத் தெரிகிறது. பால் வாங்கித் திரும்புகிறாள். வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டிய முனையில் நிற்கிறாள். ஒரு பக்கம் முழுக்க நிற்கிறாள். அப்புறம் நேராக நடந்துவிடுகிறாள்.

பழக்கதோஷத்தில் இதற்கும் ஆறு தாள் வைத்தே அடித்திருந்தார். அடித்தவற்றைப் பகிர்ந்து கொடுத்தார். முதல் பிரதி பெரிய கிராணிக்கு. இரண்டாவது கீழே சாப்பாட்டுக் கடைக் காஷியருக்கு. மூன்றாவது மணியத்துக்கு. நாலும் ஐந்தும் பக்கத்துச் சேலைக் கடைப் பெண்களுக்கு. ஆறாவது, சிரித்த குற்றத்துக்காக, எனக்கு.

ஆறாவது கார்பன் பிரதியைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். எழுத்து இருக்கிறதா இல்லையா என்று தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ‘தனம்’ தெரியும், அடுத்த நாலு வார்த்தை தெரியாது. முற்றுப்புள்ளிகள் மட்டும் தெளிவு, அவை ஆறு தாளையும் துளைத்துக்கொண்டு ஓட்டையாகவே விழுந்திருக்கும். ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்குள் என்ன நடந்தது என்பதுதான் தெரியாது.

“அக்கா, ஒண்ணுமே தெரியலக்கா. பெரிய கிராணி படிச்சு முடிச்சதும் அத குடுங்களேன்” என்று கேட்டுப் பார்த்தேன்.

“சிரிக்கத் தெரிஞ்சுச்சு இல்ல? படிக்கவும் தெரியும். ஊகிச்சுப் படி லா.”

வேறு வழியில்லை. பென்சிலை எடுத்து மங்கின இடங்களில் நானே எழுதிக்கொண்டு படித்தேன்.

இரண்டாவது அத்தியாயத்தில் தனம் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினாள். அக்கா மதராஸைப் பார்த்ததில்லை. தெரியாத ஊரில் அவளை அலைய விட மனம் வராமல் நேராக இங்கே கொண்டுவந்துவிட்டார். பெரிய கிராணி சிவப்பு மையால் இலக்கணப் பிழை திருத்திக்கொண்டே வந்தவர், இங்கே பேனாவை வைத்துவிட்டார்.

“என்ன பிள்ளை இது? பால் வாங்கப் போனவள் பாஸ்போர்ட் இல்லாமல் எப்பிடிக் கப்பலேறினவள்? முறை எண்டு ஒண்டு இருக்கெல்லோ?”

“கதைதானே அங்கிள்.”

“கதை எண்டாப்போல? போட்டோ எடுத்தவளோ? படிவம் நிரப்பினவளோ? ஆர் சாட்சிக் கையெழுத்து?”

அக்கா அந்த அத்தியாயத்தை வாங்கிக்கொண்டு போய், நடுவில் இன்னொன்று எழுதிச் சேர்த்தார். முழுக்க முழுக்க ஓர் ஆபீஸ் வரிசை. தனம் காலையில் நிற்கிறாள், சாயங்காலம் நிற்கிறாள். ‘அவளுக்கு முன்னால் இருபது பேர். இருபது பேருக்கு முன்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் யாரும் இல்லை.’ பன்னிரண்டு பக்கத்துக்கு வேறு எதுவும் நடக்கவில்லை. நான் இது தேறாது என்றுதான் நினைத்தேன்.

மணியம் அதை லோரிக்குள் உட்கார்ந்து மூன்று முறை படித்தார். மணியத்திடம் அப்போது இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டிலேயே பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாதவர். குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். மாடியேறி வந்து அக்காவின் மேசை முன்னால் நின்றார்.

“அக்கா, இந்த வரிசையில நான் நின்னுருக்கேன்க்கா. இதே மேசைதான். எப்படிக்கா தெரியும்?”

“எனக்கு எங்க தெரியும்? தனம் நின்னா, நான் பாத்தேன்” என்றார் அக்கா.

மணியம் அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் மடித்து, சிவப்பு அட்டையோடு சேர்த்து ஒரே பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். அரசாங்கக் காகிதங்களோடு கற்பனைக் கதையை வைக்கக் கூடாது என்று பெரிய கிராணி கண்டித்தார். அதைச் சொல்லும்போது அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார், மிளகாய்த்தூள் காரணமாக இருக்கலாம்.

இப்படியே போயிருந்தால் விஷயம் மாடியோடு முடிந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை அக்கா விலைப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியைப் பார்க்க யாரோ வந்துவிட்டார்கள். “கோப்பி!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அக்கா பாதியில் எழுந்து போனார். காப்பி கலக்கும்போது அடுத்த அத்தியாயத்தின் ஆரம்பம் மனதில் ஓடியிருக்கிறது. கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார், மனதில் ஓடியதை அடித்தார், பிறகு விட்ட இடத்திலிருந்து பட்டியலையும் அடித்து முடித்தார். பெரிய கிராணி சரிபார்த்தார். அவர் சரிபார்ப்பது வலது பக்கத்து எண்களை மட்டும். எண்கள் சரியாக இருந்தன. பட்டியல் ஆறு கடைகளுக்கும் போயிற்று.

‘கொத்தமல்லி. சீரகம். வெந்தயம். கிள்ளான் பஸ் நிலையத்தில் தனம் இறங்கினாள். கையில் ஒரு தூக்குப்பாத்திரம். அதைத் தவிர அவளுக்குச் சொந்தம் என்று எதுவும் இல்லை. கடுகு, பெரியது. கடுகு, சிறியது.’

வியாழக்கிழமை பதில்கள் வந்தன. ஒரு கடைக்காரர் கடுகு இரண்டு மூட்டை கேட்டுவிட்டு, கீழே ‘பஸ்ஸைவிட்டு இறங்கிய பெண் யார், கூட்டிப்போக ஆள் வந்ததா’ என்று விசாரித்திருந்தார். இன்னொருவர் ‘தனம் புதுச் சரக்கு போலிருக்கிறது, மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பவும்’ என்று எழுதியிருந்தார். மணியம் லோரியோடு போனால், கதையைச் சொல்லாமல் மூட்டை இறக்க விடமாட்டோம் என்று மூன்று கடைகளில் மறித்துவிட்டார்கள். அவர் பால் வாங்கப் போனதிலிருந்து ஆரம்பித்துச் சொல்லி முடித்து, நாலு மணிக்கு வர வேண்டியவர் ஆறரைக்கு வந்தார்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே வேலை செய்வது போல் நின்றோம்.

“கம்பெனி மெஷின், கம்பெனி தாளு. இதுல தனத்துக்கு என்ன வேல? இன்னியோட நிறுத்து.”

அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் வெந்தயத்துக்கும் கடுகுக்கும் நடுவில் யாரும் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை. அந்த வாரம் ஆறு கடைகளில் நாலு கடைகள், ‘உங்கள் பட்டியல் முழுமையாக வந்து சேரவில்லை’ என்று புகார் எழுதின. முதலாளி வியாபாரி. மறுபடியும் அக்காவைக் கூப்பிட்டார்.

“சரி, எழுது. நாலரைக்கு மேல எழுது. ஆனா ஒரு கண்டிசன். அந்தப் பொண்ணு கிள்ளான்ல கோப்பிக் கடை வைக்கப் போவுதாமே? தூளு நம்மகிட்ட வாங்கணும். கம்பெனி பேரும் வரணும்.”

“தனம் நம்ம தூள வாங்க மாட்டா முதலாளி.”

“ஏன்?”

“அவ பத்தொன்பது வருசம் கோப்பி போட்டவ. நம்ம தூள்ல புளியங்கொட்டை வாசம் அடிக்குது. மோந்து பாத்ததுமே வச்சிருவா.”

முதலாளி அக்காவை அனுப்பிவிட்டுக் கிடங்குக்கு ஆள் அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து எங்கள் பட்டியலில் ‘காப்பித்தூள், புதிய தரம்’ என்று ஒரு வரி வந்தது. அதற்கு அடுத்த அத்தியாயத்தில் தனம் வேறு ஒரு கடைத் தூளைக் கைவிட்டுப் புதுத் தூள் வாங்கினாள். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை.

அதன்பிறகு பழைய வாசகர்களுக்கு ஆறு, கடைகளுக்கு ஆறு என்று ஒவ்வோர் அத்தியாயத்தையும் இருமுறை அடித்தார். கீழ்க் கடைக்காரர் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். தனம் கடைக்கு இடம் பார்த்தாள், அடுப்பு வாங்கினாள், பெஞ்சு வாங்கினாள். மதராஸ் தொடர்கதை எப்போதோ முடிந்துபோய், கதாநாயகி அழுகையை நிறுத்திவிட்டாள். அதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்த எழுத்தாளர் மலேசியா வந்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை சொற்பொழிவு, பிறகு வாசகர் கேள்வி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் பெரிய சந்தோஷத்தோடு நோட்டீஸைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினேன். அக்கா மெஷினுக்கு உறையைப் போட்டு மூடிவிட்டார். விலைப்பட்டியலைத் தவிர இரண்டு வாரம் ஒரு வரி அடிக்கவில்லை.

“என்னக்கா, நேர்லயே கேட்டுரலாமே?”

“அதான் பயமா இருக்கு. எத்தன பக்கம் எழுதுனாலும் தனம் அவரு பொண்ணுதானே. ‘அவ அன்னைக்கே கெணத்துல விழுந்து செத்துப்போயிட்டா’ன்னு அவரு சொல்லிட்டா? அவரு சொன்னா சொன்னதுதானே?”

“அதெப்படிக்கா சாவா?” என்று மணியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. “போன மாசம்தானே பெஞ்சு வாங்குனா?”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மணியம் ஆறு கடைக்காரர்களையும் லோரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முதலாளி முன்வரிசையில். பெரிய கிராணி கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால். எழுத்தாளர் நல்ல மனிதர், மெலிந்தவர், பயணக் களைப்பு முகத்தில் தெரிந்தது. ஒரு மணி நேரம் நன்றாகப் பேசினார். எங்கள் ஆட்கள் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வி நேரம் எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தோம்.

வந்தது. மணியம்தான் எழுந்தார்.

“சார், தனம் எங்க சார்?”

“எந்தத் தனம்?”

அதே கேள்வியை அதே தொனியில் நான் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். எனக்குக் காது சூடாயிற்று.

“உங்க கதையில சார். ரெண்டாவது வாரம். வக்கீல் வந்தாரு, காபி கொண்டாரேன்னு உள்ள போச்சு. திரும்பி வரல.”

எழுத்தாளர் யோசித்தார். மேடையில் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “அந்தப் பேர்ல அதுல யாராவது இருந்தாங்களா?” என்று மெதுவாகக் கேட்டது மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். கிள்ளான் வரிசை சிரிக்கவில்லை. “நீங்கதானே சார் கோப்பிக்கு அனுப்புனீங்க?” என்றார் மணியம். கடுகு இரண்டு மூட்டைக்காரர் பாதி எழுந்துவிட்டார். விழா கலவரத்தில் முடியப்போகிறது என்று நான் வெளிக்கதவு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

அப்போது தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா எழுந்தார். மூக்கில் நீலம். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“சார், உங்களுக்கு ஞாபகம் இல்லேன்னா... தனத்த நான் வச்சுக்கட்டுமா?”

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

“அவ இப்ப எங்க இருக்காம்மா?”

“கிள்ளான்ல சார். கடை வச்சிருக்கா.”

“நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்கா சார்.”

“அப்ப நீங்களே வச்சுக்குங்க” என்றார் அவர். “நான் அவளச் சரியாப் பாத்துக்கல.”

முதலில் கைதட்டியவர் பெரிய கிராணி. வாய்மொழி ஒப்பந்தம் சட்டப்படி செல்லும், சாட்சிக்கு இத்தனை பேர் இருக்கிறோம் என்று வீடு போகும்வரை எல்லோரிடமும் விளக்கிக்கொண்டு வந்தார். மறுநாள் நாலரைக்கு அக்கா மறுபடி மெஷின் உறையைக் கழற்றினார். கீழ்க் கடையில் ரசத்தை மூடினார்கள்.

இதற்கெல்லாம் இப்போது ‘ஃபேன் ஃபிக்‌ஷன்’ என்று பெயர் இருப்பதாக என் மகள் சொல்கிறாள். ஊர் உலகமெல்லாம் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த கதைகளை எடுத்து இழுத்து நீட்டி எழுதி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்களாம். என் எழுத்தாள நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள், அடுத்தவன் அடுப்பில் சமைக்கிற சோம்பேறித்தனம் என்கிறார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. எனக்குத் தெரிந்து அந்தத் தொடர்கதையை ஆயிரக்கணக்கானோர் படித்தோம், எழுதியவர் உட்பட. அதை ஒழுங்காகப் படித்தது ஒரே ஒருவர்தான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. மங்கிய ஆறாவது பிரதியில் பென்சிலால் இட்டு நிரப்பி நிரப்பி, ஒரு நாள் தாளே இல்லாமல் எழுத வந்துவிட்டது. என் முதல் கதை ஞாயிறு மலரில் வந்தபோது அக்காவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். படித்தார். “இதுல தபால்காரன் தண்ணி கேட்டான். யாரும் குடுக்கலியே?” என்றார். அன்றிலிருந்து என் கதைகளில் தண்ணீர் கேட்டவன் தாகத்தோடு போனதில்லை. பத்திரிகை ஆசிரியர்கள் இதை வளவளப்பு என்று வெட்டுகிறார்கள்.

எண்பதுகளில் கம்பெனி நகருக்கு வெளியே ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மாறிற்று. அங்கே கம்ப்யூட்டர் வந்தது, கார்பன் தேவைப்படவில்லை. அக்கா கூட வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸின் கடைசி நாளன்று நாலு மணிக்கு எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தார். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தார். “சரி, வரேன்” என்றார். நான் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். “சரிக்கா” என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பல வருடங்கள் கழித்துப் பெரிய கிராணி வீட்டைக் காலி செய்தபோது, தம்மிடமிருந்த முதல் பிரதிகளை, சிவப்புத் திருத்தங்களோடு, என்னிடம் கொடுத்தார். என் ஆறாவது பிரதிகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தின் கடைசி வரி. தனம் முனையில் நின்றுவிட்டு நேராக நடக்கும் இடம். அக்கா எழுதியதிலேயே மிகச் சிறந்த வரி என்று நான் மேடைகளில் சொல்லிவந்த வரி அது. ‘தனம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயம்.’

முதல் பிரதியில் அப்படி இல்லை. அது பென்சில். மங்கின இடத்தில் நானே எழுதிக்கொண்டது. அக்கா அடித்திருந்தது இதுதான்: ‘தனம் திரும்பிப் பார்த்தாள். யாரும் கூப்பிடவில்லை.’

அக்காவுடையதுதான் நன்றாக இருந்தது. முதலில் வயிறு எரிந்தது. அப்புறம்தான் கயிறு கட்டிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அக்கா படிக்கட்டில் நின்று திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கூப்பிடவில்லை என்பது தெரியும்.

தேடினேன். கிள்ளானை அடுத்த பண்டமாரானில் தங்கை வீட்டில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். மணியமும் நானும் போனோம். அந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. எங்கே போனார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பக்கத்து வீடுகளிலும் கேட்டோம். நீல விரல் என்று அடையாளம் சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இந்தக் கட்டுரையை அக்கா எங்காவது படித்தால் கேட்பார் என்பதால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மணியத்துக்கு நீல அட்டை கிடைத்தது. பெரிய கிராணி மகன் வீட்டில் சௌக்கியமாக இருந்து, தொண்ணூறு தாண்டி, உயிலெல்லாம் முறைப்படி எழுதி வைத்துவிட்டுக் காலமானார். முதலாளி வியாபாரத்தை மகளிடம் கொடுத்துவிட்டுக் கோயில் கமிட்டியில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டாவது வாரத்தில் வந்த வக்கீலுக்கு நாலாம் அத்தியாயத்திலேயே அக்கா காப்பி கொடுத்துவிட்டார்.

அக்கா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன், கார்பன் இல்லாமல், ஒரே பிரதி.

கிள்ளான் பஸ் நிலையத்தில் கார்பன் அக்கா இறங்குகிறார். வெயில் தாழ்ந்துவிட்டது. தெரு முனையில் ஒரு காப்பிக் கடை. பெஞ்சு பழசாகியிருக்கிறது, ஆனால் ஆடவில்லை. அக்கா உட்காருகிறார். சுவர்க் கடிகாரத்தில் நாலு அடிக்கிறது. அக்கா சட்டென்று எழுந்திருக்கப் பார்க்கிறார்.

“நீங்க எழுந்திரிக்காதீங்கக்கா. நான் கொண்டாரேன்” என்று சொல்லிவிட்டுத் தனம் உள்ளே போகிறாள். போனவள் சுடச்சுடக் கொண்டு வந்து, அக்கா கையில் கொடுக்கிறாள்.